போத்தலுக்கு முக்காடு: மலிவு ரெட் ஒயின்களை வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

பேரங்காடியில் ரெட் ஒயின் அடுக்கின் முன்னால் நான் பல வருடம் செய்த காரியம் இதுதான்: முதலில் விலையைப் பார்ப்பேன், அப்புறம் போத்தலில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பேன். இருப்பதிலேயே மலிவானதை எடுத்தால் பின்னால் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்று, அதற்கு அடுத்த விலையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டால் “ம், பரவாயில்லை” என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்று பலகை மாட்டிய கடையில் பிராந்தியும் ரம்மும்தான் ஓடும். அந்தச் சொல்லோடு வளர்ந்த நமக்கு ஒயினை எப்படிச் சுவைப்பது என்று யார் சொல்லித் தந்தார்கள்?

சிங்கப்பூரின் பொங்கோலில் ஒரு நண்பர் வீட்டில், ஒரு சனிக்கிழமை மாலையில்தான் அது மாறியது. ஆறு போத்தல்கள். ஒவ்வொன்றுக்கும் கழுத்து வரை பழுப்புக் காகிதப் பை. பையின் மேல் ஓர் எண், அவ்வளவுதான். இதற்கு பிளைண்ட் டேஸ்டிங் என்று பெயர். கண்ணைக் கட்டுவது நமக்கில்லை, போத்தலுக்கு. பெயரும் விலையும் தெரியாமல் சுவைத்து, பிடித்ததையும் பிடிக்காததையும் எழுதி வைத்துவிட்டு, பிறகுதான் முக்காட்டை எடுக்க வேண்டும்.

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். பிரான்ஸின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் போட்டதை அவர்கள் ரெட் ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. 2008-இல் கலிஃபோர்னியாவில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 என்று கேட்டவுடன் அது கூடுதலாகப் பிடித்துப்போனது. சும்மா வாயால் சொன்னதல்ல, மூளை ஸ்கேனிலேயே அந்த வேறுபாடு தெரிந்தது. படித்தவர்கள் பாடே இப்படி என்றால் நம் பாட்டைக் கேட்க வேண்டாம்.

முதலில் காசுக் கணக்கு

சிங்கப்பூரில் இந்த விளையாட்டுக்குக் கூடுதலாக ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே ஒயினுக்கான கலால் வரி போத்தலின் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை. உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் அளவைப் பார்த்து, ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் போடப்படுகிறது. 750 மில்லி போத்தலில் 13.5 விழுக்காடு என்றால் வரி கிட்டத்தட்ட 8 வெள்ளி 90 காசு. போத்தல் இருபது வெள்ளியாக இருந்தாலும் இருநூறாக இருந்தாலும் அதே 8.90தான். அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். இருபது வெள்ளி போத்தலில் ஜிஎஸ்டியையும் கலால் வரியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்பதரை வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. திராட்சை, கண்ணாடி, கப்பல் செலவு, இறக்குமதி செய்பவர் லாபம், கடை வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முப்பது வெள்ளி போத்தலில் பதினெட்டரை மிஞ்சுகிறது. அதாவது விலை ஒன்றரை மடங்குதான், ஒயினுக்குப் போகும் காசோ இரண்டு மடங்கு. நாற்பதில் அது ஏறத்தாழ 28 வெள்ளி, மூன்று மடங்கு. அப்படியானால் கொஞ்சம் கூடக் கொடுத்து முப்பதுக்கு வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று கணக்குச் சொல்கிறது. கணக்குச் சொல்வதை நாக்கும் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்கத்தான் முக்காடு.

வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது வரியில்லாமல் கொண்டுவரலாமே என்றால், கொண்டுவரலாம்தான். 18 வயது ஆகியிருக்க வேண்டும், 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும், மொத்தம் இரண்டு லிட்டருக்கு மேல் போகக்கூடாது. மலேசியாவிலிருந்து வந்தால் அந்தச் சலுகை கிடையாது. ஜொகூர் போய் வாங்கிவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆட்களும் இடமும்

சுவைக்க எட்டுப் பேர், ஊற்ற ஒருவர். இதைவிடக் குறைந்தால் முடிவில் சுவாரசியம் இருக்காது, கூடினால் கிளாஸ் பற்றாது. ஊற்றுபவர் குடிக்காதவராக இருந்தால் மிக நல்லது. ஒவ்வொரு நண்பர் வட்டத்திலும் “நான் குடிக்க மாட்டேன், கோக் போதும்” என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருப்பார். அன்றைக்கு அவர்தான் நடுவர். எந்தப் பைக்குள் எது என்று அவருக்கு மட்டும் தெரியும். எங்கள் கூட்டத்தில் அந்தப் பொறுப்பை ஏற்ற அக்கா ஒருவர், இதுவரை எந்த விருந்திலும் தனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை என்றார்.

இடம் வீடுதான் சரி. புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டுச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது என்பது 2015 முதல் சட்டம், கடைகளில் வாங்கிச்செல்வதும் அந்த நேரத்தில் முடியாது. அதனால் ஒரு போத்தல் குறைகிறது என்று கடைசி நேரத்தில் ஓட முடியாது. லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம் என்பதால் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் அங்கே கடை விற்பனை மாலை ஏழு மணிக்கே நின்றுவிடும். வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

வரும்போதே காரை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஆறு ஒயின், ஒவ்வொன்றிலும் 40 மில்லி என்றால் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிறியதாகத் தெரியும், ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டோடு மிச்சத்தையும் முடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

போத்தல்களைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்வது. ஒருவர் பினோ நுவார் என்ற மெல்லிய ரெட் ஒயின் கொண்டுவருவார், ஒருவர் போர்ட் என்ற தடித்த இனிப்பு ஒயின் கொண்டுவருவார், ஒருவர் தீபாவளிக்கு யாரோ கொடுத்ததைத் தூசி தட்டி எடுத்து வருவார். இட்லியையும் பிரியாணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உயர்த்தி என்று கேட்பது போல அது. ஒருவரே எல்லாவற்றையும் வாங்க வேண்டும், ஒரே வகைத் திராட்சையாக இருக்க வேண்டும். செலவை அப்புறம் பங்கு போட்டுக்கொள்ளலாம். போத்தலுக்குச் சராசரி 27 வெள்ளி என்றாலும் ஆறு போத்தலுக்கு எட்டுப் பேரில் ஆளுக்கு 20 வெள்ளியை ஒட்டி முடிந்துவிடும்.

முதல் தடவைக்கு நான் சொல்வது ஷிராஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து ஏராளமாக வருகிறது, எந்தப் பேரங்காடியிலும் மூன்று நான்கு விலைகளில் இருக்கும். சிரா என்று பிரான்ஸில் சொல்வதும் இதே திராட்சைதான். இன்னொரு காரணம், நல்ல ஷிராஸில் மிளகு மணக்கும். உவமை இல்லை, நிஜமாகவே. ரோட்டன்டோன் என்ற வேதிப்பொருள் மிளகிலும் ஷிராஸிலும் ஒன்றாகவே இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த மணம் சுத்தமாகத் தெரியாது என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ஆகவே ஒருவர் “மிளகு ரசம் மாதிரி இருக்கிறதே” என்று துள்ள, பக்கத்தில் இருப்பவர் விழித்தால் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

ஷிராஸ் வேண்டாம் என்றால் அர்ஜென்டினாவின் மால்பெக் எடுக்கலாம், சிலியின் கேபர்நெட்டும் நல்ல தேர்வு. பினோ நுவாரை இப்போதைக்குத் தொடாதீர்கள். மலிவு விலையில் நன்றாக அமைவது அபூர்வம், ஆரம்பத்திலேயே மனம் விட்டுப்போகும்.

ஆறு போத்தல்களை இப்படி அமையுங்கள். இருபது வெள்ளியை ஒட்டி இரண்டு, முப்பதை ஒட்டி இரண்டு, நாற்பது அல்லது அதற்கு மேல் ஒன்று. இதுவரை ஐந்து. ஆறாவது, முதல் ஐந்தில் ஏதாவது ஒன்றின் இரட்டை. ஒரே ஒயினை இரண்டு எண்களில் ஒளித்து வைக்க வேண்டும், அது ஊற்றுபவரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. இரட்டைக்குத் திருகு மூடி போட்ட போத்தலையே எடுங்கள். தக்கை போட்டதில் ஒரு போத்தல் கெட்டு இன்னொன்று நன்றாக இருக்க வாய்ப்புண்டு, அப்போது சோதனையே பொய்யாகிவிடும். அறுவடை ஆண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரட்டைதான் முழு மாலையின் உயிர்நாடி என்பேன். எங்கள் முதல் சுற்றில் இரண்டாம் எண்ணுக்கு நான் “நல்ல பழ வாசனை, வாங்கலாம்” என்று எழுதினேன். ஐந்தாம் எண்ணுக்கு “இருமல் மருந்து”. முக்காட்டை எடுத்தபோது இரண்டும் ஒன்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு இருமல் மருந்து என்றே பெயர். இரட்டையை யாராவது சரியாகக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் அடுத்தடுத்த இடம் கொடுத்தால் அவருடைய மற்றக் கருத்துகளையும் கொஞ்சம் நம்பலாம். என்னைப் போல் எழுதியவர்களின் கருத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சைவ நண்பர்கள் இருந்தால் வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒயினைத் தெளிய வைக்கச் சில தயாரிப்பாளர்கள் முட்டை வெள்ளைக்கருவையும், ஜெலட்டினையும், மீனிலிருந்து எடுக்கும் பசையையும் பயன்படுத்துவதுண்டு. பின்பக்கத் தாளில் வீகன் என்று போட்டிருக்கும் போத்தல்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றையே எடுத்துவிட்டால் மேசையில் தர்மசங்கடம் இல்லை.

நாக்குக்கு வீட்டுப்பாடம்

ஒயின் பற்றிய எழுத்தைப் புரட்டினால் பிளாக்கரண்ட், பிளாக்பெர்ரி, சீடர் மரம் என்று வரும். அவற்றில் பாதியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. நம்மிடம் அறுசுவை என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதில் துவர்ப்பு என்று ஒரு சுவைக்குத் தனி நாற்காலி போட்டிருக்கிறோம். ரெட் ஒயினில் டானின், டானின் என்று பத்தி பத்தியாக விளக்குகிறார்களே, அது நம் துவர்ப்புதான். வாழைப்பூ, பாக்கு, கடுக்காய், மாதுளைத் தோல் என்று ஒரு தமிழரிடம் சொன்னால் அடுத்த நொடி வாய் ஒருமாதிரி இறுகும். அந்த இறுக்கம்தான் டானின்.

ஒயின் மாலைக்கு முந்தைய நாள் கோப்பிக்கடைக்குப் போய் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ‘தே ஓ கோசோங்’ ஒன்று வாங்குங்கள், பாலும் சர்க்கரையும் இல்லாத கடுந்தேநீர். ஒரு மிடறு வாயில் வைத்து, ஈறும் கன்னத்தின் உட்புறமும் எப்படி வறண்டு பிடிக்கிறது என்று கவனியுங்கள். எச்சிலில் உள்ள புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வரும் உணர்வு அது. அப்புறம் பால் கலந்த தேநீர் ஒரு மிடறு. இறுக்கம் தளர்ந்துவிடும், ஏனென்றால் டானினுக்கு ஒட்டிக்கொள்ளப் பாலின் புரதம் கிடைத்துவிட்டது. துவர்ப்பான ஒயினோடு ஆட்டிறைச்சி ஏன் பொருந்துகிறது என்பதும் பெருமளவு இதே கதைதான். இரண்டு தேநீர்க் காசுக்கு ஒரு வகுப்பே முடிந்துவிட்டது.

மற்றச் சொற்களையும் அடுக்களையிலிருந்தே எடுக்கலாம். இளம் மால்பெக் குடித்தால் எனக்கு நாவல்பழம்தான். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் சேர்ந்து, நாக்கையும் ஊதாவாக்கிவிட்டுப் போகும். ஓக் பீப்பாயில் இருந்த ஒயினில் கிராம்பும் வெனிலாவும் வரும், அமெரிக்க ஓக் என்றால் தேங்காய் வாசனைகூட. கேபர்நெட்டில் சில சமயம் குடைமிளகாயை நறுக்கியது போல ஒரு பச்சை வாசனை. அந்த பிளாக்கரண்டுக்கும் இங்கே வழி இருக்கிறது. சிங்கப்பூரில் பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் ஒரு ரைபீனா இருக்கும், அது பிளாக்கரண்ட் சாறுதான். ஒரு மூடி கலக்கி மோந்து பார்த்துவிட்டுக் கேபர்நெட்டிடம் போங்கள்.

ஒரு குழப்பத்தை மட்டும் முன்கூட்டியே தீர்த்துவிட வேண்டும். போத்தலில் ‘டிரை’ என்று போட்டிருந்தால் வாய் வறளும் என்று பொருளில்லை. சர்க்கரை மிச்சமில்லை என்று பொருள். வாயை வறளவைப்பது துவர்ப்பு, அது வேறு கணக்கு. எழுதும்போது ‘இனிப்பில்லை’ என்றும் ‘துவர்ப்பு’ என்றும் பிரித்து எழுதினால் சண்டை குறையும்.

வெப்பம்தான் எதிரி

ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறச் சொல்லும் அறிவுரை இங்கே எடுபடாது. அந்த அறை குளிர்நாட்டுப் பழைய கல்வீடு, நம்முடைய அறை முப்பது டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் குத்தும், பழ வாசனை எல்லாம் ஜாம் போலக் குழைந்துவிடும். 16 முதல் 18 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ஆறு போத்தல்களையும் ஒன்றாகக் குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். மறந்துவிட்டால் வாளியில் ஐஸும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் போதும். வெறும் ஐஸ் போடாதீர்கள், தண்ணீர் இருந்தால்தான் போத்தலைச் சுற்றிலும் குளிர் படியும்.

எல்லாம் ஒரே குளிரில் இருப்பது, சரியான டிகிரியில் இருப்பதைவிட முக்கியம். கதவோரத்தில் ஒன்று, உறைபெட்டிக்கு அடியில் ஒன்று என்று வைத்தால், கூடக் குளிர்ந்தது கூடத் துவர்க்கும், வாசனையும் அடங்கிப்போகும். நீங்கள் ஒப்பிடுவது ஒயினையா குளிர்சாதனப் பெட்டியையா என்றே தெரியாது.

மற்ற வாசனைகளையும் வெளியே அனுப்ப வேண்டும். அன்று மாலை சாம்பிராணி வேண்டாம், ஊதுபத்தி வேண்டாம், மல்லிகைப்பூவைக் கொஞ்சம் கழற்றி வைக்கலாம், சென்ட் போட்டு வருபவரைப் பால்கனிப் பக்கம் உட்கார வையுங்கள். சமையலை மதியமே முடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் சம்பால் பெலாச்சான் வதக்க ஆரம்பித்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் கதை பேசுங்கள்.

முக்காடு போடுவது

பையில் போட்டால் மட்டும் போதாது. தோள் அகன்ற போத்தலா, கழுத்து சரிந்த போத்தலா என்பது பைக்கு மேலாகவே தெரியும். திருகு மூடியா தக்கையா என்பதும் ஒரு துப்பு. போத்தல் கனமாக இருந்தால் விலை கூடியது என்று கை தானாக முடிவு செய்யும். அதனால் நடுவர் எல்லா மூடிகளையும் தக்கைகளையும் முன்பே எடுத்து ஒளித்து, கழுத்திலுள்ள தகட்டையும் முழுக்க உரித்துவிட வேண்டும். அலுமினியத் தாளைப் போத்தலின் உருவம் தெரியாதபடி கசங்கலாகச் சுற்றி, அதன் மேல் எண் எழுதலாம். அதைவிட நல்ல வழி, அடுக்களையிலேயே ஊற்றிக் கிளாஸை மட்டும் வெளியே கொண்டுவருவது. போத்தலை யாரும் பார்க்கவே வேண்டாம்.

தக்கையை எடுத்தவுடன் நடுவர் ஒவ்வொன்றையும் மோந்து பார்க்கட்டும். நனைந்த அட்டைப் பெட்டி, மழையில் ஊறிய பழைய செய்தித்தாள் போல வாசனை வந்தால் தக்கையால் கெட்ட ஒயின் அது. மேசைக்கு விடக்கூடாது. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் கடையில் கேட்டுப் பார்க்கலாம். இதற்காக ஒரு போத்தல் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது, கெடவில்லை என்றால் சாப்பாட்டுக்கு ஆகும்.

கிளாஸ் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். வாய் சற்றுக் குறுகிய கண்ணாடி கிளாஸ், ஆளுக்கு மூன்று, ஆக 24. உங்களிடம் பத்து, நண்பரிடம் பத்து, ஐக்கியாவில் நான்கு என்று தேற்றிவிடலாம். ஆறையும் ஒரே நேரத்தில் வைக்க 48 கிளாஸ் வேண்டும், அதற்குப் பதில் மூன்று மூன்றாக இரண்டு சுற்று. காகிதக் கோப்பையும் பிளாஸ்டிக்கும் வேண்டாம், அவற்றுக்கே ஒரு வாசனை உண்டு.

அளவு எல்லோருக்கும் 40 மில்லி. ஒரு கிளாஸில் 40 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு நடுவர் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கண்ணளவாகவே ஊற்றலாம்.

சுவைக்கும் நேரம்

முதலில் கணக்கில் வராத ஒரு ஒயினில் ஒரு மிடறு கொடுங்கள். வெறும் வாயில் முதலில் படும் எதுவும் கரகரப்பாகத்தான் தெரியும், அந்தப் பழி முதலாம் எண்ணின் மேல் விழக்கூடாது. கூடுதலாக வாங்கிய போத்தல் இதற்கு உதவும். அப்புறம் எல்லோரும் ஒரே வரிசையில் குடிக்க வேண்டாம். ஒருவர் 1, 2, 3 என்று போனால் அடுத்தவர் 3, 1, 2 என்று போகட்டும்.

கிளாஸை மேசையில் வைத்தபடியே மெல்லச் சுழற்றுங்கள், மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள், மனதில் முதலில் வந்த சொல்லை எழுதுங்கள். அது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு ஒரு மிடறு. உடனே விழுங்காமல், உள்ளங்கையில் ஊற்றிய சுடு ரசத்தை உறிஞ்சுவோமே, அதே சத்தத்தோடு கொஞ்சம் காற்றையும் சேர்த்து உறிஞ்சுங்கள். வாய்க்குப் பின்னாலிருந்து வாசனை மூக்குக்கு ஏறும். வீட்டில் குழந்தைகள் செய்தால் திட்டுவோம், இங்கே அதுதான் முறை. துப்ப விரும்புபவர்களுக்கு ஆளுக்கொரு மூடி போட்ட குவளை வையுங்கள். முதலில் எல்லோரும் கூச்சப்படுவார்கள், நாலாவது ஒயினுக்குப் பிறகு துப்பியவர்கள்தான் தெளிவாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எழுத நான்கு விஷயம் போதும்: புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, 25 வெள்ளி கொடுத்து வாங்குவேனா. கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. நூற்றுக்கு 87, 91 என்று மதிப்பெண் போடுவது நமக்கு வேண்டாம், 87-க்கும் 88-க்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

எழுதி முடிக்கும் வரை பேச்சு கூடாது. இது கண்டிப்பான விதி. கூட்டத்தில் ஒரு மாமா இருப்பார், ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடி “ஆகா, இது நிச்சயம் விலை உயர்ந்தது” என்பார். அவ்வளவுதான், எட்டுத் தாளிலும் அதே பதில் வரும். முகபாவனைக்குக்கூடத் தடை போடலாம், ஆனால் அந்த அளவுக்குப் போனால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

இடையில் தின்ன வெறும் ரொட்டியும் தண்ணீரும் மட்டும். காரமுறுக்கு, மிக்சர், மசாலாக் கடலை எல்லாம் அடுக்களையில் பூட்டப்படட்டும். காரம் பட்ட நாக்கில் ஆல்கஹால் எரியும், துவர்ப்பு இரண்டு மடங்காகத் தெரியும். எங்கள் வீட்டில் இந்த விதியை மீறி மிக்சர் டப்பாவைத் திறந்தவர் அடுத்து வந்த எல்லா ஒயினுக்கும் “எரிகிறது” என்று எழுதினார்.

கூட்டிப் பார்ப்பது

ஆறும் முடிந்த பிறகு ஒவ்வொருவரும் பிடித்த வரிசைப்படி 1 முதல் 6 வரை இடம் கொடுக்க வேண்டும். நடுவர் தாள்களை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு ஒயினுக்கும் கிடைத்த எண்களைக் கூட்டுவார். குறைந்த கூட்டுத்தொகைதான் முதலிடம். எட்டுப் பேரும் ஒன்றையே முதலாவதாகச் சொன்னால் 8, கடைசியாகச் சொன்னால் 48. யாரும் எதுவும் புரியாமல் சீட்டுக் குலுக்கியது போலப் போட்டால் ஒவ்வொன்றும் 28-ஐச் சுற்றி வரும். ஆகவே 25, 27, 29, 30 என்று முடிவு வந்தால், முதலிடம் பிடித்தது எது என்று ஆர்ப்பரிக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குப் பொதுவான கருத்து எதுவும் இல்லை என்றுதான் பொருள். 14-உம் 40-உம் வந்தால் அது செய்தி.

தாளை வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கக்கூடாது. 1976 மே 24 அன்று பாரிஸில் இதே போல ஒரு மறைவுச் சுவைப்பு நடந்தது. பிரெஞ்சு நடுவர்கள், சிவப்பில் போர்தோவின், வெள்ளையில் பர்கண்டி என்ற இன்னொரு பிரெஞ்சு வட்டாரத்தின் பெரிய பெயர்களுக்கு எதிரே கலிஃபோர்னியா ஒயின்கள். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் என்ற கலிஃபோர்னிய ஒயினும் வெள்ளையில் ஷத்தோ மோன்டெலேனா என்ற இன்னொன்றும் முதலிடம் பெற்றன. முடிவைக் கேட்ட நடுவர் ஒருவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். பொங்கோலில் எங்கள் மாமாவும் கேட்டார். இருபது வெள்ளி ஒயினுக்கு முதலிடமும், தானே பரிந்துரைத்து வாங்க வைத்த நாற்பத்திரண்டு வெள்ளி ஒயினுக்கு ஐந்தாம் இடமும் கொடுத்திருந்தார். அக்கா தரவில்லை.

முக்காட்டை எடுக்கும் வரிசையிலும் கொஞ்சம் நாடகம் வேண்டும். கடைசி இடத்திலிருந்து மேலே வாருங்கள். இரட்டையைக் கடைசி வரை சொல்லாதீர்கள். ஒரே பெயர் இரண்டாவது தடவை பைக்குள்ளிருந்து வரும்போது எட்டு முகங்களையும் பார்க்கும் இன்பம் ஊற்றியவருக்கு மட்டும் உரியது.

அப்புறம் சாப்பாடு

இப்போது ஆட்டிறைச்சி வறுவலைக் கொண்டுவாருங்கள், காரம் கொஞ்சம் அடங்கியதாக. மூடியிருந்த மிக்சரும் வெளியே வரலாம். மிச்ச ஒயின்களை அதே எண்களோடு மேசையில் வைத்து மறுபடி ஒரு மிடறு பாருங்கள். வெறும் வாயில் வாழைப்பூவாகத் துவர்த்த ஒன்று இறைச்சியோடு அருமையாகப் படியும். தனியே முதலிடம் வாங்கிய பழச்சாறு போன்ற ஒன்று சாப்பாட்டின் முன்னால் சோடையாகிப் போகலாம். எங்களுக்கு முதலும் நான்காவதும் இடம் மாறின. தனியாகக் குடிக்க ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று என்று இரண்டு பெயர்களைக் கைபேசியில் குறித்துக்கொண்டால் அடுத்த பல மாதங்களுக்குக் கடையில் படம் பார்த்துத் தேட வேண்டாம்.

மிஞ்சியதை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், ரெட் ஒயினாக இருந்தாலும் அங்கேதான் வைக்க வேண்டும். யார் எதை எடுத்துப் போவது என்பதில் ஒரு ஏற்பாடு: முதலிடம் வந்த மிச்சம் அன்று முழுக்கக் கோக் குடித்த அக்காவின் கணவருக்கு. எனக்கு இரண்டாம் எண் போத்தலைக் கொடுத்தார்கள். ஐந்தாம் எண்ணையும் சேர்த்து.